பார் சண்டைகளைக் குறைக்க வாசலில் பவுன்சர்களைக் கூட்டினால் போதுமா?

கேள்வி இது: நகரம் வேகமாக வளர்கிறது, பார்கள் பெருகிவிட்டன, வார இறுதி இரவுகளில் அடிதடி வாடிக்கையாகிவிட்டது. பவுன்சர்களை அதிகப்படுத்துவதா, அளவுக்கு மீறி ஊற்றிக் கொடுப்பதைக் கட்டுப்படுத்துவதா, எது பலன் தரும்?

கவுண்டரில் தொடங்குங்கள். இரவு 1 மணிக்கு நடக்கும் கைகலப்புக்குப் பெரும்பாலும் காரணம், 10 மணியிலிருந்து 12 மணி வரை அந்த மேசைக்கு என்ன வேகத்தில் சரக்கு போனது என்பதுதான். பவுன்சர் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

முதலில் கணக்கு. 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள விஸ்கியோ ரம்மோ 30 மி.லி. எடுத்தால் அதில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. சராசரி உடல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது ஏறத்தாழ 7 முதல் 10 கிராம். அதாவது 60 மி.லி. உள்ளே போனால் இரண்டு மணி நேரமாவது அது ரத்தத்தில் இருக்கும். பீர் லேசானது என்ற நம்பிக்கைதான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 500 மி.லி. குடித்தால் 31 கிராமுக்கு மேல் போகிறது. அது மூன்று 30 மி.லி. விஸ்கிக்குச் சமம்.

இதைவிட முக்கியமானது தாமதம். குடித்ததன் முழு வீச்சு ரத்தத்தில் ஏற 30 முதல் 90 நிமிடம் ஆகும். வயிறு காலியாக இருந்தால் சீக்கிரம், சாப்பிட்டிருந்தால் மெதுவாக. அரை மணி நேரத்தில் மூன்று ரவுண்டு அடித்தவர் நான்காவதைக் கேட்கும்போது நிதானமாகத்தான் தெரிவார். "நல்லாத்தானே இருக்கார்" என்று சர்வர் ஊற்றுகிறார். அடுத்த முக்கால் மணி நேரத்தில் மொத்தமும் சேர்ந்து தலைக்கேறுகிறது. அதனால் ஆள் எப்படித் தெரிகிறார் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. எத்தனை, எவ்வளவு நேரத்தில் என்ற எண்ணிக்கையும் கையில் வேண்டும். பில்லில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் பக்கத்தில் நேரம் விழும்படி செய்தால் போதும். ஷிஃப்ட் மாறும்போது பழைய சர்வர் புதியவரிடம் மேசைவாரியாக எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரே ஆளுக்கு மூன்று பேர் ஊற்றுகிற இடத்தில் யாருக்கும் கணக்கு தெரியாது.

அளவுக் குப்பி இல்லாமல் கையளவில் ஊற்றுவது இன்னொரு ஓட்டை. மங்கல் வெளிச்சம், நெரிசல், அவசரம் மூன்றும் சேர்ந்தால் 60 மி.லி. சுலபமாக 75 ஆகிவிடும். நான்கு ரவுண்டில் இது கூடுதலாக ஒரு முழு 60. வாடிக்கையாளர் நான்கு குடித்ததாக நினைக்கிறார், உடம்பில் ஐந்து இருக்கிறது. எனர்ஜி டிரிங்க் கலந்து கொடுப்பதும் ஆபத்து. காஃபின் தூக்கத்தைத்தான் மறைக்கும், போதையைக் குறைக்காது. சோர்ந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் விழித்துக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம் குடிப்பார்.

நிறுத்த வேண்டிய கட்டம் எது? முதல் கட்டத்தில் குரல் உயரும், தெரியாத ஆளுக்கெல்லாம் ரவுண்டு வாங்கித் தருவார், வேகமாகக் குடிப்பார். அப்போது தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து அடுத்த ரவுண்டைத் தாமதப்படுத்த வேண்டும். அடுத்த கட்டத்தில் சொன்னதையே திரும்பச் சொல்வார், நாக்கு குழறும், கார்டின் ரகசிய எண்ணைத் தப்பாக அழுத்துவார், பக்கத்து மேசையை முறைப்பார். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தள்ளாடும் வரை காத்திருக்கும் பார்கள்தான் சண்டையைச் சந்திக்கின்றன. அந்த நிலையில் "கிடையாது" என்ற சொல்லே சண்டைக்குக் காரணமாகிவிடும்.

மறுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நண்பர்கள் முன்னால் சொல்லாதீர்கள். மானப் பிரச்சினையாகிவிடும். ஓரமாகப் போய், தணிந்த குரலில், "சார், இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம். தண்ணி கொண்டு வரேன், வண்டி சொல்லட்டுங்களா?" என்று கேளுங்கள். "நீங்க ஓவரா குடிச்சிட்டீங்க" என்ற வாக்கியம் வாயில் வரவே கூடாது, அது விவாதத்துக்குக் கூப்பிடுவது போல. கூட வந்தவர்களில் நிதானமாக இருப்பவரைத் தனியே அழைத்து உதவி கேளுங்கள். உடனே மற்ற பார்டெண்டர்களுக்கும் மேனேஜருக்கும் தகவல் போக வேண்டும். பிறகு அந்த முடிவு மாறக் கூடாது. சர்வர் மறுத்ததை மேனேஜர் வந்து "ஒண்ணே ஒண்ணு குடுப்பா" என்று மாற்றினால், அன்றோடு அந்த பாரில் யாரும் மறுக்க மாட்டார்கள். பாட்டில் விற்பனைக்குக் கமிஷன் கொடுத்துக்கொண்டே ஊழியரிடம் பொறுப்பை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கமிஷன் கொடுப்பதானால் சாப்பாட்டுக்குக் கொடுங்கள்.

இதெல்லாம் காகிதத்தில் மட்டும் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் பதில். போதையில் இருப்பது போல் நடித்தவர்களை பார்களுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். 1996-இல் 5 சதவீத முறைதான் ஊழியர்கள் ஊற்ற மறுத்தார்கள். 2001-இல் அது 70 சதவீதமானது. நகர மையத்தில் வன்முறைக் குற்றங்கள் 29 சதவீதம் குறைந்தன. பார் ஊழியர் பயிற்சியோடு காவல்துறை, உரிமம் தரும் அலுவலகம், பார் முதலாளிகள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள், விதியை மீறினால் நடவடிக்கை வந்தது. பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டு சான்றிதழைச் சுவரில் மாட்டினால் ஒன்றும் மாறாது.

அடுத்தது இடம். சண்டை கண்ட இடத்தில் வெடிப்பதில்லை. கழிவறைக்குப் போகும் குறுகிய வழி, கவுண்டர் முன்னால் நெரிசல், பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி, நடன மேடையின் விளிம்பு, வாசல் வரிசை. எல்லாமே தோள் தட்டி கிளாஸ் சிந்துகிற இடங்கள். ஆர்டர் கொடுப்பது ஒரு முனை, வாங்குவது மறுமுனை என்று பிரித்தால் வாங்கியவர் கூட்டத்துக்குள் திரும்ப நுழைய வேண்டியதில்லை. கழிவறை வழியில் மேசை நாற்காலி போட்டுக் காசு பார்க்க நினைக்காதீர்கள். காலி பாட்டிலையும் கிளாசையும் உடனுக்குடன் எடுங்கள். நெரிசலான இரவுகளில் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த கிளாஸ் நல்லது. பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில், கடினப்படுத்திய கண்ணாடி கிளாஸ் கொடுத்த பார்களில் ஊழியர் காயம் கூடியது. அந்த கிளாஸ்கள் அடி தாங்கும் திறனில் மட்டமாக இருந்தன. பெயரைப் பார்த்து வாங்காமல் தரம் கேட்டு வாங்க வேண்டும்.

பவுன்சர் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணிக்கையைவிட அவர்கள் நிற்கும் இடமும் பேசும் விதமும் முக்கியம். மேலே சொன்ன இடங்களில் இருவர் இருவராக நிற்க வேண்டும். இரு தரப்பையும் ஒரே நேரத்தில் ஒரே கதவு வழியாக வெளியே தள்ளுவதுதான் மிகப் பெரிய தவறு. சண்டை நடைபாதையில் தொடரும், அங்கே தரை கான்கிரீட். ஒரு தரப்பை அனுப்பிவிட்டு மற்றதைக் கால் மணி நேரம் உள்ளே உட்கார வைத்துப் பிறகு அனுப்புங்கள். ஆளை மடக்கிப் பிடிக்கும்போது குப்புறப் படுக்க வைத்து முதுகில் ஏறி உட்காரக் கூடாது, கழுத்தைப் பிடிக்கவும் கூடாது. குடித்தவருக்கு இந்த நிலையில் சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடலாம். "மூச்சு முட்டுது" என்று சொன்னால் நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் உடனே விடுங்கள்.

ஒரே குத்தில் உயிர் போவது எப்படி என்று பலருக்குப் புரிவதில்லை. பெரும்பாலும் உயிரைப் பறிப்பது குத்து அல்ல, விழும்போது பின்மண்டை தரையில் மோதுவதுதான். போதையில் இருப்பவர் கையை ஊன்றித் தடுக்க மாட்டார். மண்டைக்குள் ரத்தம் கசியும்போது வரும் குழறலும் தூக்கமும் போதை மாதிரியே இருக்கும். கீழே விழுந்தவரை "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று காரில் படுக்க வைக்காதீர்கள், மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அடியே படாமல் அதிகம் குடித்ததால் மயங்கியவருக்கும் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு 8 மூச்சுக்குக் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 வினாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம் பூத்தல், தட்டினாலும் எழாமை, இவற்றில் ஒன்று இருந்தாலே ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும். வரும் வரை பக்கவாட்டில் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். காபியோ குளிர்ந்த தண்ணீரோ போதையை இறக்காது.

மூடும் நேரத்தைப் பற்றி நகர நிர்வாகம் யோசித்தே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 2008-இல் காலை 5 மணி வரை திறந்திருந்த பார்களை 3 மணிக்கும் பிறகு 3:30-க்கும் மாற்றினார்கள். பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டால் அடிதடி 37 சதவீதம் குறைந்தது. நார்வேயின் 18 நகரங்களை ஆராய்ந்தபோது, மூடும் நேரம் ஒரு மணி நேரம் கூடினால் தாக்குதல்கள் சுமார் 16 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. என் பார்வையில் ஒரு வளரும் நகரம் பார்கள் மூடும் நேரத்தை நீட்டிக்கும் முன் இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட வேண்டும். நேரத்தைக் குறைப்பது மட்டும் போதாது, வெளியே வரும் கூட்டத்துக்கு வண்டி வேண்டும். எல்லா பாரும் ஒரே நிமிடத்தில் மூடி, பஸ்ஸும் டாக்ஸியும் இல்லாமல் ஆயிரம் பேர் ஒரே தெருவில் நின்றால், முதல் டாக்ஸிக்கே சண்டை வரும். மூடுவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பே கடைசி ஆர்டர், இசையைப் படிப்படியாகக் குறைத்து விளக்கைக் கூட்டுவது, டாக்ஸி நிறுத்தத்தையும் ராத்திரி சாப்பாட்டுக் கடைகளையும் எதிரெதிர் முனைகளில் வைப்பது, இவ்வளவும் அதோடு சேர வேண்டும்.

தனியாக வந்த பெண்ணோ, கூட வந்தவரைக் கண்டு பயப்படுபவரோ ஊழியரிடம் ஒரு குறிச்சொல்லைச் சொல்லி உதவி கேட்கும் ஏற்பாடு 2016-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் தொடங்கியது. "ஏஞ்சலா இருக்காங்களா?" என்று கேட்டால் ஊழியர் அவரைப் பத்திரமாக வெளியேற்ற வேண்டும். கழிவறையில் போஸ்டர் ஒட்டுவது சுலபம். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் அதன் அர்த்தம் தெரிய வேண்டும், இல்லையென்றால் உதவி கேட்டவர் இன்னும் பெரிய சிக்கலில் மாட்டுவார்.

கடைசியாக, செலவு குறைவான ஒரு வேலை. பார் சண்டையில் காயம்பட்ட பலர் போலீசுக்குப் போவதில்லை, மருத்துவமனைக்குப் போகிறார்கள். வேல்ஸின் கார்டிஃபில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் முன்னெடுத்த முறைப்படி, அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பில் எங்கே, எப்போது, எதனால் அடிபட்டது என்று கேட்டுப் பதிந்து, பெயரை நீக்கி நகர நிர்வாகத்துக்கும் காவல்துறைக்கும் கொடுத்தார்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு ஆள் வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது. வன்முறைக் காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர்கள் ஒத்த நகரங்களைவிட 42 சதவீதம் குறைந்தார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபடுபவரிடம் "கடைசியாக எங்கே குடிச்சீங்க?" என்று ஒரு கேள்வி சேர்த்தால், அளவுக்கு மீறி ஊற்றும் நாலைந்து பார்கள் சில மாதங்களில் தாமாக வெளிவந்துவிடும். உரிமம் புதுப்பிக்க வரும்போது அந்தப் பட்டியலை அவர்கள் முன்னால் வைத்து, அளவுக் குப்பி, நேரம் விழும் பில், ஊழியர் பயிற்சி ஆகியவற்றை நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள்.