நின்றால் மட்டும் சூடாகும் ஈக்கோ

கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ஈக்கோ வேனில் புதுச்சேரி போய் வருகிறேன். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. அரியாங்குப்பம், மரப்பாலம் நெரிசலில் நின்று நின்று போனால் எஞ்சின் சூடாகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றிவிட்டுப் பார்த்தார், தீரவில்லை. தினமும் அரை லிட்டர் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். இப்போது ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், நின்றால் அந்த வேலை முழுக்க ஃபேன் தலையில் விழும், அதனால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். எஞ்சினை ஓடவிட்டு, சூடு ஏறும்போது அது சுற்றுகிறதா பாருங்கள். சுற்றவில்லை என்றால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக வயர் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது சுற்றினால் மோட்டாரில் பழுதில்லை. ஃபியூஸ், ரிலே, சென்சார், கனெக்டர் இவற்றில் ஒன்றுதான். நம் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூத்துக் கிடப்பது சாதாரணம், சுத்தம் செய்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும். ரேடியேட்டர் இடுக்குகளில் மணலும் பூச்சியும் அடைத்திருந்தால் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷ் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

தினமும் அரை லிட்டர் குறைகிறது என்றீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. மூடிய அமைப்பில் தண்ணீர் அப்படிக் குறையவே கூடாது. ஈக்கோவில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் முன்னால், இரண்டுக்கும் நடுவே நீளமான குழாய்கள், ஆகவே கசிய இடம் நிறைய. ஹோஸ் இணைப்புகள், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் எல்லாவற்றையும் பிரஷர் டெஸ்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, மூடி தளர்ந்தால் சீக்கிரமே கொதித்து வெளியேறும். வெளியே எங்கும் ஈரம் இல்லை, ஆனால் சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறது அல்லது ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகட்டைப் பார்க்க வேண்டும். அப்புறம் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். புதிதாக ஒன்று போடுங்கள். போர் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள், அதிலுள்ள உப்பு உள்ளே படிந்து ரேடியேட்டரையே அடைத்துவிடும். உள்ளே நன்றாக அலசிவிட்டு, கம்பெனி சொல்லும் கூலன்ட்டை (எஞ்சினை ஆற்றும் திரவம்) ஊற்றுங்கள்; கலக்கும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி.

ஊற்றும்போது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும், நீளக் குழாய் வண்டிகளில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். எஞ்சின் ஆறியிருக்கும்போது முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, மூடியைத் திறந்து மெதுவாக ஊற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, குமிழி அடங்கும் வரை நிரப்பிக்கொண்டே இருந்து மூடிவிடுங்கள். சூடான எஞ்சினில் மட்டும் மூடியில் கை வைக்கவே கூடாது, முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

இவ்வளவும் பார்த்து, ஃபேனும் ஒழுங்காகச் சுற்றி, கசிவும் இல்லாமல், அப்போதும் மரப்பாலத்தில் சூடானால் ரேடியேட்டரைக் கழற்றி உள்ளடைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.