31 வயதுக்குள் மூன்று துறை மாறிவிட்டேன். என் அனுபவமெல்லாம் வீணா?

தம்பி, ஹோட்டல் முகப்பில் நான்கு வருடம், காப்புறுதியில் இரண்டு வருடம், இப்போது பிறையில் பார்சல் கிடங்கில் ஒன்றரை வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். "ஓரிடத்தில் கால் ஊன்றத் தெரியாதவன்" என்று உங்கள் மாமா விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னாராம். அதே பேச்சை நானும் வாங்கியவள். எனக்கு இப்போது 46. பினாங்கில் மருத்துவக் கருவி தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். இங்கே வந்து சேர்வதற்குள் நான்கு முறை பாதை திரும்பிவிட்டது.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து 1998இல் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலைக்குப் போனேன். 1972இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டைதான் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீட்டுக்குச் சோறு போட்டது. பேக்டரி பஸ்ஸில் பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் ஷிப்ட் முடியும் வரை மைக்ராஸ்கோப்தான். சிப்பிலிருந்து அதன் உலோகக் கால்களுக்குப் போகும் தங்கக் கம்பி தலைமுடியை விட மெல்லியது. அது அறுந்திருக்கிறதா, பக்கத்துக் கம்பியைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். 2001இல் உலகம் முழுக்கச் சிப் வியாபாரம் படுத்தபோது ஆட்குறைப்பு வந்தது. என் பணிக்காலத்துக்குச் சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மூன்று வருடத்துக்கு 45 நாள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடை. அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சரக்கு வந்து இறங்கும்போது இழை அறுந்த சேலையைத் தேட மட்டும் முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார்.

2004இல் ஒரு தனியார் மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவில் சேர்ந்தேன். தொழிற்சாலையில் ஓவர்டைமோடு வாங்கியதை விடச் சம்பளம் குறைவு. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. முதல் வாரம், கழுவி வந்த இடுக்கி ஒன்றை விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்கு அடியில் திறந்து பார்த்தேன். மூட்டுக்குள் பழுப்பாக ஒரு புள்ளி, காய்ந்த ரத்தம். ரத்தம் ஒட்டியிருந்தால் நீராவி அதைத் தாண்டி உலோகத்தைத் தொடாது. 134 டிகிரியில் வைத்து எடுத்தாலும் அந்தக் கருவியை நம்ப முடியாது. மேற்பார்வை செய்த மலாய்க்கார அக்கா இடுக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படிப் பார்க்க எங்கே படித்தாய்?" என்று கேட்டார். சிப் பேக்டரியில் என்றேன். மறுவாரமே புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களை என்னிடம் விட்டார்.

கம்பி, சேலை, இடுக்கி எல்லாவற்றிலும் என் கண் ஒரே வேலையைத்தான் செய்து வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. அதுவரை நானும் உங்கள் மாமா போடும் கணக்கில்தான் என்னை எடை போட்டிருந்தேன்.

2012இல் அப்பாவுக்குப் பக்கவாதம். வேலையை விட்டுப் பதினான்கு மாதம் வீட்டில் இருந்தேன். அப்பாவோடு இருந்ததற்கு இன்றுவரை வருத்தமில்லை. அந்த மாதங்களில் ஓய்வுக்காலச் சேமநிதியான இ.பி.எஃப்.பில் ஒரு காசும் போடாததற்கு வருத்தம் உண்டு. இப்போது சம்பள வேலை இல்லாதவர்களுக்கு அதே இ.பி.எஃப்.பில் ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. நாமே கொஞ்சம் போட்டால் அரசு வருடத்துக்கு 500 ரிங்கிட் வரை சேர்க்கும். இடைவெளி வந்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

வேலைக்குத் திரும்பி வந்தபோது எஸ்.பி.எம்.மை வைத்துக்கொண்டு மேலே போக முடியவில்லை. அனுபவத்தைத் தகுதியாக எடுத்துக்கொள்ளும் ஏப்பல் வழியில் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். இளங்கலைக்கு 21 வயது தாண்டியிருக்க வேண்டும், திறனறித் தேர்வு உண்டு, அனுபவத் தொகுப்பு ஒன்றும் கொடுக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் "இத்தனை வருடம் வேலை செய்தேன்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. என்ன கற்றேன், அதற்கு என்ன சான்று என்று காட்ட வேண்டும். என்னென்ன பிழை கண்டுபிடித்தேன், அதனால் எந்த வேலைப் படிவம் மாறியது, யாருக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். இப்போதைய வேலைக்கான நேர்முகத்தில் "ஏன் இத்தனை மாற்றம்?" என்று கேட்டபோது அந்தத் தாள்களைத்தான் எடுத்து வைத்தேன். இடுக்கியின் மூட்டைப் பற்றியே இருபது நிமிடம் பேசினோம்.

உங்கள் கேள்வியிலும் ஓர் இழை இருக்கிறது, தம்பி. ஹோட்டலில் அறை குளறுபடியானால் உங்களிடம் அனுப்புவார்களாம். காப்புறுதியில் இழுத்துக்கொண்டிருந்த குளேம் (இழப்பீட்டு) கோப்புகளை விரட்டி முடித்திருக்கிறீர்கள். கிடங்கில் காணாமல் போன பார்சலைத் தேடுவதும் நீங்கள்தான். நின்றுபோன காரியத்தின் அடியைத் தேடிப்போய் முடித்துக் கொடுக்கிறவர் நீங்கள். பயோடேட்டாவில் பதவிப் பெயருக்கு முன்னால் இதை எழுதுங்கள். மாதத்துக்கு எத்தனை, எத்தனை நாளில் முடித்தீர்கள் என்ற எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

எல்லா மாற்றமும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வேலையின் கடினமான பகுதியைக் கற்பதற்கு முன்னால் கிளம்பினால் சம்பளமும் போகும், கையில் ஒன்றும் தங்காது. கிடங்கின் ஸ்டாக் கணக்கை இன்னும் தனியாக முடித்ததில்லை என்கிறீர்கள். ஒரு முறையாவது முடித்துவிட்டு நகருங்கள்.

கிடங்கில் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு இருப்பதாகவும், அதற்கு முன் நீங்களே ராஜினாமா கொடுக்க நினைப்பதாகவும் சொன்னீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். தானாக விலகினால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் எஸ்.ஐ.பி., அதாவது வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதி உதவி, கிடைக்காது. நிறுவனம் நிறுத்தினால் 60 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். உச்சவரம்புக்கு உட்பட்டு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு படிப்படியாகக் குறைந்து ஆறு மாதம் வரை வரும். பயிற்சிக் கட்டணமும் கேட்கலாம். இது 2018இல்தான் வந்தது. 2001இல் எனக்கு இருந்திருந்தால், அந்த 45 நாள் காசு தீர்வதற்குள் ஏதாவது ஒரு வேலை என்று ஓடியிருக்க மாட்டேன்.