பினோலே: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மெக்சிகோவின் பினோலே என்ற வறுத்த மக்காச்சோள மாவு பற்றி வந்த கேள்விகள்.

கே: கார்ன்ஃப்ளோரை வறுத்தால் போதுமா?
ப: போதாது. நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் வெள்ளை மாவு வெறும் ஸ்டார்ச். முழு மணியாக வாங்குங்கள்.

கே: வீட்டில் எப்படிச் செய்வது?
ப: காய்ந்த மணியைக் கனமான சட்டியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே வறுங்கள். பழுப்பேறி, கடித்தால் நொறுக்கென்று உடைய வேண்டும். மெக்சிகோவின் சிவாவா மலைகளில் வாழும் ராராமுரி மக்கள் மண்சட்டியில் மணலைச் சூடாக்கி, அதில் வறுத்துச் சலித்தெடுப்பார்கள். நம் ஊர் பொரிகடலை வறுவல் மாதிரிதான். அப்புறம் மெத்தாத்தே என்ற கல்லில் அரைப்பார்கள். மிக்சி போதும், ஆறியபின் அரையுங்கள். வெல்லம், பட்டைப் பொடி உங்கள் விருப்பம். தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம், கஞ்சியாகவும் காய்ச்சலாம்.

கே: சுண்ணாம்பில் வேகவைக்க வேண்டாமா?
ப: அது டோர்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டிக்கு. பினோலேக்குக் கிடையாது. ஆனால் மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் உடலில் சேர அந்தச் சுண்ணாம்புதான் உதவுகிறது. இத்தாலியின் வடக்கில் சுண்ணாம்பில்லாமல் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளை நியாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோய் வாட்டியது. பினோலேயோடு பருப்பு, பயறும் சாப்பிடுங்கள்.

கே: கார்ன்ஃப்ளோர் பாக்கெட் வீட்டில் இருக்கிறது, அதை...
ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: பினோலே குடித்தால் 100 மைல் ஓடலாமாமே?
ப: 1993இல் அமெரிக்காவில், கொலராடோவின் லெட்வில் 100 மைல் ஓட்டத்தில் ராராமுரிக்காரர் விக்டோரியானோ சுர்ரோ 55 வயதில் வென்றார். அன்றிலிருந்து மாவுக்குத்தான் பாராட்டு! மலையேறி இறங்குவதே அவர்கள் வாழ்க்கை. மரப்பந்தை உதைத்துக்கொண்டே மணிக்கணக்கில் ஓடும் பந்தயமும் உண்டு.

கே: மாவுக்குப் பங்கே இல்லை என்கிறீர்களா?
ப: பங்கு உண்டு. வறுத்த மாவு எளிதில் கெடாது, கனமில்லை, அடுப்பு வேண்டாம். வழிப்பயணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கட்டுச்சோற்றால் யாரும் வீரராவதில்லை.

கே: அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாமா?
ப: வேண்டாம், புரையேறும். பினோலே தின்றுகொண்டே சீட்டியடிக்க முடியாது என்பது மெக்சிகோ பழமொழி. குழந்தைகளுக்குக் கஞ்சியாகவே கொடுங்கள்.

கே: சர்க்கரை நோய்க்கு நல்லதா?
ப: டாக்டரைக் கேளுங்கள்.

கே: நிகராகுவாவின் பினோலில்லோ பானம்?
ப: அதில் கொக்கோவும் சேரும். காய்ந்த காய் ஓட்டில் செய்த கோப்பையில் குடிப்பார்கள். நிகராகுவாக்காரர்களுக்குத் தங்களையே பினோலேரோ என்று அழைத்துக்கொள்ளும் அளவுக்கு அதன்மேல் பிரியம்.

கே: கார்ன்ஃப்ளோரில்...
ப: இல்லை.