தண்ணீர்த் தொட்டியின் சத்தத்தைப் பதிவு செய்த பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

சென்ற வாரம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்த மகள், துணைக்கு ஒரு பெரியப்பா. பேசியதெல்லாம் பெரியப்பாதான். கணினிப் பொறியியலில் இடம் பார்த்தாகிவிட்டது, பெண்தான் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாள், நீங்கள் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

உனக்கு என்னதான் ஆசை என்று அவளைக் கேட்டேன். வாய் திறக்காமல் ஹெட்போனை என்னிடம் நீட்டினாள். கிணற்றுக்குள் யாரோ வெண்கல மணிகளை உருட்டுவதுபோல் ஒரு சத்தம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் வெளிச்சுவரில், அதிர்வை மின்சைகையாக மாற்றும் பீசோ தகடு ஒன்றை ஒட்டி, தொட்டி நிரம்பும்போது பதிவு செய்தாளாம். பழைய பொம்மை ஒன்றின் வயிற்றிலிருந்து கழற்றிய தகடு. "ராத்திரியெல்லாம் இதே வேலையாக இருக்கிறாள், எங்களுக்குப் பயமாக இருக்கிறது ஐயா" என்றார் அம்மா, கண் கலங்க.

இந்த வயதில் இப்படித்தான் இருப்பார்கள், கல்லூரிக்குப் போனால் சரியாகிவிடும் என்று நான் சொல்லியிருந்தால் மூவரும் நிம்மதியாக எழுந்து போயிருப்பார்கள். சொல்ல மனம் வரவில்லை. கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள் எல்லோரும் கணினித் திரைக்கு முன்னால் உட்காரப் பிறந்தவர்கள் என்று யார் சொன்னது? பெரியப்பா தன் மகன் வாங்கும் சம்பளத்தைச் சொன்னார். அந்த மகனுக்கு வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அதைக் கேட்டதில்லை என்றார். கட்டணம் கட்டப்போவது இந்த அப்பா, படிக்கப்போவது இந்தப் பெண். நீங்கள் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

ஒலி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சினிமாவும் பாட்டுப் பதிவுக் கூடமும். அந்த வழிகளை எந்தக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம். இவள் செய்வது வேறு. ஓர் இடத்தையே ஒலியால் கட்டுவதற்கு ஒலி நிறுவல் என்று பெயர்.

மாக்ஸ் நியூஹவுஸ் என்ற தாளவாத்தியக் கலைஞர் 1977-இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், நடைபாதைத் திட்டு ஒன்றின் இரும்புக் கம்பிவலைக்கு அடியில், இடைவிடாமல் ஒலிக்கும் ஒரு ரீங்காரத்தை அமைத்தார். பெயர்ப் பலகை கிடையாது. மேலே நடப்பவர்களில் பலருக்கு அது கலைப்படைப்பு என்றே தெரியாது. 1992-இல் நிறுத்தப்பட்டது, 2002-இல் மீண்டும் உயிர்பெற்றது. லோரி ஆண்டர்சன் 1978-இல் ஒரு மேசை செய்தார். அதில் முழங்கைகளை ஊன்றிக் காதுகளைப் பொத்திக்கொண்டால், கை எலும்பு வழியாகத் தலைக்குள் இசை ஏறும். கையை எடுத்தால் அமைதி. கிறிஸ்டினா குபிஷ், மின்காந்தப் புலத்தை ஒலியாக மாற்றும் சுருள்கள் கொண்ட ஹெட்போனை மாட்டிவிட்டு மக்களை நகர வீதிகளில் நடக்கவிடுகிறார். பணம் எடுக்கும் இயந்திரமும் விளம்பர விளக்கும் கடை வாசலின் திருட்டுத் தடுப்புக் கதவும் அவரவர் குரலில் பாடுகின்றன. இதையெல்லாம் யார் மதிக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். சமகாலக் கலைக்குப் பிரிட்டனில் தரும் பெரிய பரிசான டர்னர் பரிசை 2010-இல் வாங்கியவர் சூசன் ஃபிலிப்ஸ். பாலங்களுக்கு அடியில் தன் குரலை ஒலிக்கவிட்டவர்.

பரிசை நம்பி வா என்று எந்தப் பெண்ணையும் நான் அழைக்க மாட்டேன். கலைஞர் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பிழைப்பவர்கள் மிகக் குறைவு. இவர்களுக்குப் பின்னால் நிற்கும் வேலையைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஜேனட் கார்டிஃப் 2001-இல் உருவாக்கிய ஒரு படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் தாமஸ் டாலிஸ் 40 தனித்தனிக் குரல்களுக்கு எழுதிய தேவாலயப் பாடல்தான் அதற்கு அடிப்படை. கார்டிஃப் குரலுக்கு ஒன்றாக 40 ஒலிபெருக்கிகளை நீள்வட்டமாக நிறுத்தினார். நடுவில் நின்றால் முழுப் பாடகர் குழு. ஒன்றின் அருகே போனால் ஒருவருடைய மூச்சு. பாடாத இடைவேளையில் அவர்கள் இருமுவதும் அரட்டை அடிப்பதும்கூடக் கேட்கும். கேட்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். 40 தடங்களும் நொடி பிசகாமல் ஒன்றாக ஓட வேண்டும், ஒவ்வொன்றின் அளவும் சமமாக இருக்க வேண்டும், ஓர் ஒலிபெருக்கி ஊமையானால் ஒரு பாடகரே காணாமல் போகிறார். கண்காட்சி ஊர் மாறும்போதெல்லாம் புதிய கூடத்தின் சுவருக்கு ஏற்ப மறுபடியும் காது வைத்துச் சரிசெய்ய வேண்டும். இதற்கெல்லாம் ஆள் தேவை.

அந்த ஆள் என்னவெல்லாம் அறிந்திருக்க வேண்டும்? சாதாரண அறை வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது; மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிநொடி. ஒரே சத்தம் இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்து வந்தால், முதலில் வந்து சேர்வது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் சத்தம் பிறந்தது என்று காது முடிவுகட்டிவிடும். ஆகவே மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி, பார்வையாளருக்கு அருகில் இருக்கும் ஒலிபெருக்கிக்குச் சுமார் 29 மில்லிநொடி தாமதம் கொடுக்காவிட்டால், மேடையில் பேசுபவரின் குரல் பார்வையாளரின் தோள் பக்கத்திலிருந்து வருவதாகத் தோன்றும். வழவழப்பான சுவர் கொண்ட கூடத்தில் பேச்சு குழம்பும். அடுத்த அறைக்குள் கசியும் சத்தத்தை அடைக்க வேண்டும். நிறுவல் காலையில் தானாக உயிர்பெற்று மாலையில் தானாக அணைய வேண்டும். நாள் முழுக்க அதே சத்தத்தைக் கேட்டபடி ஒரு காவலர் அங்கே உட்கார்ந்திருப்பார் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். (அவரைக் கேட்காமல் ஒலியளவை முடிவு செய்பவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.) அருங்காட்சியகம், அறிவியல் மையம், நினைவிடம், நாடகக் குழு, கட்டட ஒலியியல் ஆலோசகர் எனப் பல இடங்களில் இந்தக் கை தேவைப்படுகிறது. வேலை பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான். மாதச் சம்பளத்தின் நிச்சயம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. அதையும் அவளிடம் மறைக்கவில்லை.

எதில் சேர்வது? மின்னணுவியல் அல்லது இயற்பியல் பட்டப்படிப்பு, கட்டணம் குறைந்த கல்லூரியில். பளபளக்கும் ஒலிக்கூடப் படங்களைக் காட்டி விற்கும் குறுகியகால டிப்ளமோ வேண்டவே வேண்டாம். வீட்டை அடமானம் வைத்து வாங்கும் சான்றிதழைக் கூடம் அமைப்பவர் யாரும் கேட்பதில்லை, முன்பு எதைச் செய்தாய் என்றுதான் கேட்பார்கள். ஒலியை உருவாக்கவும் கையாளவும் உதவும் ப்யூர் டேட்டா, சூப்பர்கொலைடர் இரண்டுமே இலவச மென்பொருள்கள். பீசோ தகட்டை நேரடியாகப் பதிவுக் கருவியில் செருகினால் தாழ்ந்த ஒலிகள் மெலிந்துவிடும், இடையில் சிறு முன்பெருக்கி வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கியதும், "அதை நானே பற்றவைத்துச் செய்துவிட்டேன்" என்றாள். அப்பா அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

ஹேக் நகரத்துச் சோனாலஜி நிறுவனம், பாரிஸின் இர்காம் போன்ற ஒலி, இசை ஆராய்ச்சி நிறுவனங்களின் பெயர்களை அவள் அறிந்து வைத்திருக்கிறாள். அவற்றை மேற்படிப்பின்போது பார்த்துக்கொள்ளலாம். உதவித்தொகை கிடைத்தால் போகட்டும், கடனில் வேண்டாம். ஒரே ஒரு கட்டளை மட்டும் போட்டேன்: காதுதான் உன் மூலதனம், 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்காதே, அதற்கும் மேலே போனால் நேரத்தைக் குறை.

ஓராண்டுக்குள் மூன்று சிறிய நிறுவல்களை முடித்து, அந்நியர்கள் வந்து கேட்கும்படி வைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். தொடங்குவது ஆசை இருப்பவர் யாராலும் முடியும். மூன்றையும் முடிக்காவிட்டால் என்னிடம் திரும்பி வாருங்கள், வேறு பேசலாம்.

எழுந்திருக்கும்போது அம்மா தயங்கித் தயங்கி, பொறியியல் கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிட்டோமே என்றார். எழுதிக் கேளுங்கள் அம்மா, திரும்பக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் போனது போகட்டும். அந்தப் பணத்தைக் காப்பாற்றுவதற்காக மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கொண்டுபோய்க் கட்டாதீர்கள்.