பெயர் தெரியாமலே கரைக்குப் போகலாம்

கேள்வி: கொழும்பில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். தரம் 6 முதல் 9 வரை கற்பிக்கும் 24 ஆசிரியர்களுக்கு, மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று கடல் வாழிடங்களைக் கற்பிப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி நடத்த வேண்டும். பணம் மிகக் குறைவு. “எங்களுக்கே அந்த உயிரினங்களின் பெயர் தெரியாது, பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?” என்று பலரும் தயங்குகிறார்கள். ஹிக்கடுவைக்குக் கூட்டிச் சென்று பவளப்பாறையைக் காட்டலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஹிக்கடுவையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பவளப்பாறை அழகுதான், அது தேசியப் பூங்காவும்கூட. ஆனால் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் போய், கண்ணாடி அடித்தளம் கொண்ட படகில் சிறிது நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வரும் ஆசிரியர் அதைத் தன் தரம் 7 பிள்ளைகளுக்கு எப்போது காட்டுவார்? பஸ்ஸுக்குப் பணம் இருக்காது. பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள். ஆசிரியருக்கு அது ஒரு நல்ல சுற்றுலாவாக முடிந்துவிடும். ஓர் ஆசிரியர் அடுத்த மாதமே தன் வகுப்புடன் தானாகப் போய்வரக்கூடிய இடத்திலேயே பயிற்சியை நடத்துங்கள்.

கொழும்பில் அதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை மணலும் பாறையும் மாறிமாறி வருகின்றன. முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கத்துப் பாடசாலைகளுக்குக் களனி கங்கை கடலில் கலக்கும் காக்கைத்தீவு அருகில் இருக்கிறது. நாரா என்று நாம் அழைக்கும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேதான் உள்ளது. கண்டல் காடு பார்க்க வேண்டுமென்றால் நீர்கொழும்புக் களப்பு. முதல் பயிற்சிக்கு இவற்றில் ஒன்றே ஒன்று போதும். நானாக இருந்தால் கல்கிசைப் பக்கத்துப் பாறைக் கரையைத் தெரிவு செய்வேன்.

இனி அந்தப் பெயர்ப் பயம். உங்கள் பயிற்சி தீர்க்க வேண்டிய முதல் சிக்கல் அதுதான். விரிவுரையால் அது தீராது. 60 உயிரினங்களின் படங்களைத் திரையில் காட்டினால் பயம் இரட்டிப்பாகும். எனவே முதல் நாள் காலை, யாரும் எந்த உயிரினத்தின் பெயரையும் சொல்லக் கூடாது என்று ஒரு மணி நேரத்துக்கு விதி வையுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? பாறையிலும் வள்ளங்களின் அடியிலும் சாம்பல் நிறச் சிறு கூம்புகள் அடையடையாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒட்டிய ஒரு சிறு கல்லை, அப்போதுதான் மொண்ட கடல்நீர் நிறைந்த கண்ணாடிப் போத்தலுக்குள் வையுங்கள். நான்கு நான்கு பேராகச் சுற்றி உட்காரட்டும். போத்தலை ஆட்ட வேண்டாம், நிழல் விழவும் விட வேண்டாம். சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காது. பிறகு கூம்பின் உச்சியில் இருக்கும் மூடி மெல்லப் பிளக்கும். மயிரிழை போன்ற கால்கள் வெளியே விரிந்து, நீரை ஒருமுறை வாரி, மடங்கி உள்ளே போகும். மறுபடி விரியும், மறுபடி வாரும். காலையில் அதைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு வந்தவர்கள், குனிந்து மூச்சை அடக்கிப் பார்ப்பார்கள். கேள்விகள் தாமாக வரும். இது எதைத் தின்கிறது? நீர் வற்றினால் என்ன செய்யும்? இடம் மாற முடியாத பிராணி இணை சேர்வது எப்படி? எல்லாக் கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிய பிறகு சொல்லுங்கள்: இது கொட்டலசு. பாறையில் தலையை ஒட்டிக்கொண்டு கால்களால் இரையை வாரும் இது, இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. அந்த வேளையில் கேட்ட பெயர் மறக்காது. கல்லை எடுத்த இடத்திலேயே, முன்பு மேலே இருந்த பக்கம் மேலாக வைத்துவிடச் சொல்லுங்கள்.

இதைத் தொடர்ந்து ஒரு பயிற்சி அவசியம் வேண்டும். ஒருவர் மாணவராக நடித்து, “டீச்சர், இதற்கு என்ன பெயர்?” என்று கேட்கட்டும். மற்றவர், “எனக்கும் தெரியாது. எங்கே இருந்தது, எதைப் பிடித்துக்கொண்டிருந்தது, கால் எத்தனை என்று வரைந்துகொள், வகுப்பில் தேடுவோம்” என்று வாய்விட்டுச் சொல்லட்டும். வருடக்கணக்காகக் கரும்பலகைக்கு முன் நின்றவருக்கு அந்த ‘தெரியாது’ எளிதில் வாயில் வராது, பழக வேண்டும். முகத்துவாரத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரைவிடப் பல பெயர்கள் தெரிந்திருக்கும். வகுப்பில் வாய் திறக்காத அந்தப் பிள்ளை கரையில் பேசத் தொடங்கினால் பேச விடுங்கள்.

அளவெடுப்பது பிற்பகல் வேலை. பீவீசீ குழாயில் பக்கத்துக்கு 50 சென்ரிமீற்றர் கொண்ட சதுரச் சட்டம் ஒன்றும், ஒரு மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும் போதும். அலை தொடும் இடத்திலிருந்து மேல்நோக்கிக் கயிற்றை விரித்து, முடிச்சுக்கு முடிச்சு சட்டத்தை வைத்து உள்ளே இருப்பதை எண்ணலாம். மணலில் என்றால் நண்டு வளைகளை எண்ணி, வாயின் விட்டத்தை அளக்கலாம். ஆட்கள் நடமாடும் பகுதியையும் ஆளரவமற்ற பகுதியையும் ஒப்பிட்டால் விவாதத்துக்குக் குறைவிருக்காது. மணலைச் சலித்தால் 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது இந்தக் கரையெங்கும் ஒதுங்கியவற்றைப் போன்ற பிளாஸ்டிக் மணிகள் இன்றும் அகப்படக்கூடும். அவற்றைக் கையுறையுடன் எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு லீற்றர் கடல்நீரைக் கொண்டுபோய்ப் பாடசாலையில் ஆவியாக்கினால் ஏறத்தாழ 35 கிராம் உப்பு மிஞ்சும். காக்கைத்தீவில், அதுவும் மழைக்குப் பின் எடுத்த நீரில், மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். ஏன் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நாளைத் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் கடல் பல மீற்றர் வற்றுவதாகப் படித்துவிட்டு இங்கே அதை எதிர்பார்க்க வேண்டாம். கொழும்பில் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கரையில் அலையின் வேகமே பெரிதாகத் தெரியும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கூடுதலாக வற்றும். பௌர்ணமியான போயா தினம் விடுமுறை என்பதால் அதற்கு அடுத்த நாளையோ அமாவாசையை ஒட்டிய நாளையோ எடுத்துக்கொள்ளுங்கள். வற்றும் நேரத்தை வற்றுப்பெருக்கு அட்டவணையில் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை சோழகக் காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும். அந்த மாதங்களில் பாறைப் பக்கம் போகவே கூடாது. அதற்குப் பதில் சந்தையில் முரல், திருக்கை, கணவாய் என்று வாங்கி வந்து வாயும் கண்ணும் எங்கே அமைந்திருக்கின்றன என்று பார்க்கலாம். திருக்கையின் வாய் அடிப்பக்கம் இருப்பதைப் பார்த்தவுடன் அது எங்கே மேயும் என்பது விளங்கிவிடும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமின்னல் வழமை, ஆகவே அந்த மாதங்களில் மதியத்துக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காத சில உண்டு. வெள்ளவத்தையில் கரைக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். கடலைவிட எனக்கு அதில்தான் கவலை அதிகம். இருபுறமும் ஓர் ஆசிரியர் நிற்க, பிள்ளைகள் சேர்ந்து கடக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்கக் கூடாது. ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும், அந்தப் பெரியவர்களில் ஒருவர் கடலைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் கடலில் விழும் இடங்களுக்கு மழைக்குப் பின் கிட்டவும் போகாதீர்கள். கூம்பு வடிவச் சங்குகளில் சிலவற்றுக்குக் கொடிய நஞ்சு உண்டு என்பதால் உயிருள்ள சங்கு எதையும் கையால் எடுக்கக் கூடாது. பவளத் துண்டுகளை எடுத்து வரவும் வேண்டாம், பவளம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதிபரின் அனுமதி, வலயக் கல்விப் பணிமனையின் ஒப்புதல், பெற்றோர் கடிதம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் ஆசிரியர்களில் மட்டக்களப்பிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கக்கூடும். 2004 டிசெம்பர் 26இல் உறவுகளைக் கடலில் இழந்தவர்களுக்கு அலைக்கு முதுகு காட்டி நிற்பதே கடினம். முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். கரையின் மேற்பகுதியில் செய்யக்கூடிய பதிவு வேலையை அவர்களுக்குக் கொடுங்கள், காரணம் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் நாளுக்குப் பிள்ளைகளை வரவழையுங்கள். அருகிலுள்ள பாடசாலை ஒன்றின் ஒரு வகுப்பு போதும். ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் இரண்டு ஆசிரியர்கள் நடத்தட்டும். மற்றவர்கள் கவனித்து, ஆசிரியர் எத்தனை முறை பிள்ளையின் கேள்விக்குத் தாமே விடை சொல்லிவிட்டார் என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் போன பிறகு அந்தக் குறிப்புகளை வைத்துப் பேசுங்கள். நேரம் போதாமல் எதையாவது கைவிட வேண்டி வந்தால் விரிவுரையைக் கைவிடுங்கள், இதை விடாதீர்கள்.

பயிற்சி முடிந்து ஆறு வாரங்களில் அனைவரையும் ஒரு பிற்பகல் மீண்டும் கூட்டுங்கள். வரும்போது ஆளுக்கொரு மாணவரின் களக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்னும் கரைக்குப் போகாதவர் யார் என்பது அப்போது தெரியும். அவருடன் அடுத்த முறை நீங்களே போங்கள்.