பரஸ்பர சம்மத விவாகரத்து: உடன்படிக்கையில் எதையெல்லாம் எழுதாமல் விட்டால் குடும்பம் அவதிப்படும்?

கேள்வி: "இரண்டு பேரும் சம்மதித்துத்தான் பிரிகிறோம். அப்படியும் பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் பாதிப்பு வருமா?"

வரும். மனுவோடு சேர்க்கிற உடன்படிக்கையை அவசரத்தில் அரைகுறையாக எழுதுவதால் வருவதுதான் அதில் பெரும்பகுதி. இந்துக் குடும்பங்களை வைத்துச் சொல்கிறேன்.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி ஓராண்டாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி ஆஜராகிச் சம்மதம் சொல்ல வேண்டும். பிரிந்து ஒன்றரை வருடம் தாண்டி, ஜீவனாம்சமும் பிள்ளை விஷயமும் பேசி முடிந்திருந்தால், அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் (உச்ச நீதிமன்றத்தின் அமர்தீப் சிங் வழக்குத் தீர்ப்பு, 2017).

இடைப்பட்ட காலத்தில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால் பேசிய தொகை முழுவதையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். ஒரு பங்கை இரண்டாம் முறை ஆஜராகும் அன்று டிடியாகக் கொடுங்கள். "நகை திருப்பித் தரப்பட்டது" என்ற ஒற்றை வரியும் பிற்பாடு வம்பு. எத்தனை பவுன், என்னென்ன உருப்படி, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பிள்ளை விஷயத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். "பிள்ளைக்கு எதுவும் கேட்க மாட்டேன்" என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளையின் உரிமையைப் பறிக்காது, பின்னால் கேட்கலாம். மாதத் தொகையோடு வருடா வருடம் எத்தனை சதவீதம் கூடும், பள்ளிக் கட்டணம் யார், மருத்துவச் செலவு யார் என்றும் எழுதுங்கள். பிள்ளையைச் சந்திக்கும் நேரத்தை "வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் முதல் தீபாவளிக்கே சண்டை வரும். எந்த ஞாயிறு, எத்தனை மணி வரை, கோடை விடுமுறையில் எத்தனை நாள், பாஸ்போர்ட் யாரிடம், எல்லாம் வேண்டும். தாத்தா பாட்டி பார்ப்பதற்கும் ஒரு வரி சேருங்கள். பல வீடுகளில் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்டியது அவர்கள்தான். காகிதத்தில் மட்டும் அவர்களைக் காணோம். நிலைமை மாறினால் அதே இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவின் கீழ் இந்த ஏற்பாட்டை மாற்றக் கேட்கலாம்.

சொத்தில் ஒரு குழப்பம் உண்டு. விவாகரத்தானவர் முன்னாள் துணைக்கு வாரிசு ஆக மாட்டார். ஆனால் அப்பா மறுமணமே செய்தாலும், முதல் மனைவியின் பிள்ளை அவருக்கு முதல் வகுப்பு வாரிசுதான், அதாவது சொத்தில் முதலில் பங்கு பெறும் வாரிசு. பிறந்த வீடு திரும்பும் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. "சீர் செய்தாச்சே" என்று அண்ணன் தம்பி சொல்வதால் அது குறையாது.

வங்கி, காப்பீட்டு நாமினி பெயர்கள் தானாக மாறாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும். கூட்டாக வாங்கிய வீட்டுக் கடனில், "இனி கணவரே கட்டுவார்" என்ற உடன்படிக்கை வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணை தவறினால் மனைவியின் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் எண்) சேர்ந்தே விழும். பெயரை நீக்கிய கடிதம் வங்கியிலிருந்து கைக்கு வந்தபிறகே இரண்டாம் முறை ஆஜராவது நல்லது.