டெல்லிக்கு முதல் பயணம்: பேக்கேஜில் போகலாமா?

கேள்வி: அக்டோபர் கடைசியில் நான்கு நாள் டெல்லி, ஆக்ரா போக இருக்கிறோம். நான், மனைவி, 11 வயதுப் பையன், 68 வயது அம்மா. யாருக்கும் இந்தி தெரியாது. டூர் ஏஜென்ட் ஒருவர் மொத்தமாக ஒரு தொகை சொல்லி, பாதியை முன்பணமாகக் கேட்கிறார். கட்டலாமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: பணம் இருக்கட்டும், முதலில் தேதியை மாற்றுங்கள். அக்டோபர் கடைசியில் டெல்லியில் புகைக்காலம் தொடங்கிவிடும். பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் நெல் தாள், தீபாவளி வெடி, வண்டிப் புகை எல்லாம் காற்றோட்டமில்லாமல் ஊர்மேலேயே தங்கிவிடும். அம்மாவை அதில் அழைத்துப் போகாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். பிப்ரவரி நடுவில் போங்கள். பையனுக்கு ஸ்கூல் இருக்குமே என்பீர்கள்; நாலு நாள் லீவு போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அதை வைத்துத் திட்டமிடுங்கள்.

அடுத்தது கிழமை. திங்களன்று செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றுக்கும் விடுமுறை. வெள்ளியன்று தாஜ்மகால் கிடையாது. ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் இதைக் கவனித்திருக்கிறாரா பாருங்கள். கவனிக்காதவர் என்றால் அங்கேயே விட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால் டெல்லிக்குப் பேக்கேஜே வேண்டாம். மெட்ரோவில் ஆங்கில அறிவிப்பு உண்டு, முக்கிய இடங்கள் பலவற்றுக்கு அதிலேயே போய்விடலாம். ஆக்ராவுக்கு டெல்லியின் ஹஜ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து காலையில் கதிமான் எக்ஸ்பிரஸ், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுவிடும் (வெள்ளியன்று ஓடாது). டூர் வண்டியில் ஏறினால் பளிங்குக் கடை, சால்வைக் கடை என்று "சும்மா பத்து நிமிஷம் பாருங்க" நிறுத்தங்கள் வரும். கடைக்காரர் தரும் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும்.

பேக்கேஜ்தான் நிம்மதி என்றால், ஓட்டல் பெயரை எழுத்தில் வாங்குங்கள். "அல்லது அதே தரத்தில் வேறு ஓட்டல்" என்ற வரியை நீக்கச் சொல்லுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும், நுழைவுச்சீட்டு இதில் அடக்கமா என்பதும் எழுத்தில் வேண்டும். தொல்லியல் துறை நினைவிடங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். பையனுக்கும் சீட்டுக் காசு போட்டிருந்தால் கேளுங்கள். முன்பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் போட்டு, ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் டெல்லிக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

கேள்வி: திருக்குறள் எக்ஸ்பிரஸில் போகிறோம், கரோல்பாக்கில் ரூம் போட்டிருக்கிறோம். ஸ்டேஷனிலேயே ஏமாற்றுவார்களாமே?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்த வண்டி புது டெல்லி ஸ்டேஷனுக்குப் போகாது, ஹஜ்ரத் நிஜாமுதீனில் நிற்கும். ஓட்டலுக்கு வழி பார்க்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். மூட்டை குறைவு என்றால் பக்கத்திலேயே சராய் காலே கான் மெட்ரோ. பிங்க் லைனில் ஏறி, மயூர் விஹார்-1ல் புளூ லைனுக்கு மாறினால் நேரே கரோல்பாக். முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். வீட்டுக்காரரைக் கூடவே ஏற்றிவிடாதீர்கள், அபராதம்!

மூட்டை அதிகம் என்றால் ப்ரீபெய்டு டாக்சி கவுன்ட்டரில் முன்கூட்டியே பணம் கட்டிச் சீட்டு வாங்குங்கள். சீட்டைக் காட்டினால் போதும், ஓட்டல் வாசலில் இறங்கும் வரை டிரைவர் கையில் கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தால்தான் அவருக்குக் காசு வரும், உங்கள் பிடியும் அதுதான்.

வழியில் "உங்க ஓட்டல் மூடிட்டாங்க", "அந்த ரோட்டை அடைச்சிருக்காங்க" என்று சொல்லி வேறு ஓட்டலுக்குத் திருப்புவது அங்கே பழைய வித்தை. உங்கள் போனிலிருந்து, உங்களிடம் உள்ள எண்ணுக்கு ஓட்டலைக் கூப்பிடுங்கள். டிரைவர் போட்டுத் தரும் எண்ணில் அவருடைய கூட்டாளி பேசுவார். "அரசு டூரிஸ்ட் ஆபீஸ்" என்று அழைப்பவர்களோடும் போகாதீர்கள். மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் ஜன்பத் 88ல் இருக்கிறது. அங்கிருந்து யாரும் பிளாட்பாரத்துக்கு வந்து கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள்.

கேள்வி: ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?
— வாசகர், தேனி

பதில்: வேண்டாம். கட்டாயமாக வாங்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றமே மார்ச் 2025ல் சொல்லியிருக்கிறது. ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டத்தான் வேண்டும். பில்லிலிருந்து எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம்.